லேமினேஷன் போட்ட ஆராய்ச்சி

மின்விசிறி நின்றுபோன மேடையிலும் வியர்க்காமல் வீற்றிருக்கும் விழாத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் செம்மல் ஐயா அவர்களே, முன்வரிசையை மூன்று மணிக்கே முற்றுகையிட்ட மூத்தோர்களே, பந்தி எப்போது என்று பார்வையாலேயே கேட்கும் பெருமக்களே, சொந்த மகளை வீட்டில் உட்கார வைத்துவிட்டு அடுத்த வீட்டு மகளைப் பாராட்ட வந்திருக்கும் திருவரங்குளத்துத் தாய்மார்களே, ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்ட் நடத்தும் ஆத்மநாதனாகிய நான், விழா நாயகி சிவரஞ்சனியின் ஒரே தாய்மாமன், உங்கள் அனைவரையும் உறைநிலைக்குக் கீழேயிருந்து வணங்குகிறேன்.

எதற்கு இந்த விழா? என் தங்கை மகளுக்குப் பெங்களூரில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. நாலாயிரம் பேர் கேட்டார்கள், நாலு பேருக்குக் கொடுத்தார்கள். நாலு லட்சம் என்று சொல்லத்தான் ஆசை, பக்கத்தில் தலைமையாசிரியர் இருக்கிறார். என்ன ஆராய்ச்சி? மரபணு சிகிச்சைக்கான மருந்தைத் தயாரிக்கும் ஆராய்ச்சி.

அங்கே யார் முனகுவது? இருளாயி அக்கா, சத்தமாகவே கேளுங்க.

"வைரசு செய்யிற வேலையாமுல்ல தம்பி. இங்கிட்டு வந்து தும்முனா ஊருக்கே ஒட்டிக்கிருமா?"

அக்கா, அது பல் பிடுங்கிய வைரஸ். பிறவியிலேயே ஒரு மரபணு பழுதான குழந்தை, ஓடவேண்டிய வயதில் தலையைக்கூடத் தூக்க முடியாமல் கிடக்கிறது. நல்ல மரபணுவை அந்த வைரஸுக்குள் ஏற்றி உடம்புக்குள் அனுப்புகிறார்கள். அதை ஒரே சுத்தமாய், ஒரே தரமாய், கோடி கோடியாய்ச் செய்வதுதான் சிரமம். பாதி வைரஸ் உள்ளே சரக்கே இல்லாமல் வெறுங்கூடாக வரும், என்னைப் போன்ற மேடைப் பேச்சாளர்கள் மாதிரி. அதனால்தான் திருமயம் கோட்டையை விற்றாலும் அந்த ஊசியின் மூடிதான் கிடைக்கும். அந்த விலையை இறக்க வழி தேடத்தான் இவளை அழைக்கிறார்கள்.

நேர்காணலில் கேட்டார்களாம், குளிரில் மருந்தைக் காப்பது பற்றி உனக்கென்ன தெரியும் என்று. "எங்க மாமா பிளாண்ட்ல ஒரு மணி நேரம் கரண்டு போனா மூணு படகு மீனு கருவாட்டுக்குக்கூட ஆகாது சார்" என்றாளாம். ஆக, இந்திய விஞ்ஞானமே என் ஐஸ் கட்டியின் மேல்தான் நிற்கிறது. கைதட்டலாம். போதும்.

இனி அழவேண்டிய செய்தி. வரச் சம்மதம் என்று கையெழுத்திட்டு, நாளை மாலை ஐந்து மணிக்குள் அந்தக் கடிதத்தை அனுப்பவேண்டும். கடிதம் எங்கே? இவள் தந்தை, என் தங்கமான மாப்பிள்ளை ஆண்டியப்பன், அதை லேமினேஷன் போட்டு, சட்டமடித்து, சாமி படங்களுக்கு நடுவே மாட்டி, மாலையும் சாத்திவிட்டார். கையெழுத்திடும் இடத்தில் குங்குமம். கேட்டால், "எடம் கெடச்சதே பெருமை மச்சான், போயி வேற படிக்கணுமா? அஞ்சு வருசம் கழிச்சு வரன் அமையுமா?" என்கிறார்.

பெரியோர்களே, வடித்த சோற்றுக்குச் சூடம் காட்டிவிட்டுப் பட்டினி கிடப்போமா? மாப்பிள்ளையின் மகன் வசந்தகுமார் சிங்கப்பூர் போனபோது இரண்டு வேன் பிடித்து வழியனுப்பிய ஊர்தானே இது? மகளுக்குப் பெங்களூர் மட்டும் செவ்வாய்க் கிரகமா?

நம் வழக்கம் என்ன? தாய்மாமன் சீர் வராமல் பெண் மணவறை ஏறுவாளா? மாட்டாள். ஆகவே சபையறியச் சொல்கிறேன். இவள் பட்டம் வாங்கும்வரை என் சீர்த்தட்டு நூற்றெட்டும் ஐஸ் பிளாண்டை விட்டு அசையாது. உறைந்தே கிடக்கும்.

மாப்பிள்ளை எழுந்துவிட்டார்.

"சபையில வச்சு இப்புடி மடக்குறீங்களே மச்சான்."

வீட்டில் வைத்துச் சொன்னபோது டிவி சத்தத்தைக் கூட்டினீர்களே மாப்பிள்ளை.

"வரன் கெடக்கட்டும் விடுங்க. அங்கிட்டு அவளுக்கு யாரு இருக்கா? ஒரு காச்சல் வந்தா யாரு பாப்பா? அதான் எனக்குப் பயம்."

இதை முன்பே சொல்லியிருந்தால் இவ்வளவு கேலி செய்திருப்பேனா? செய்திருப்பேன், கொஞ்சம் குறைத்திருப்பேன். பதிலை இவளே சொல்லட்டும். மைக்கை இவளிடம் கொடுக்கிறேன்.

"எனக்குக் காச்சல் வந்தா பஸ் ஏறி ஒங்ககிட்ட வந்துருவேன்ப்பா. தலை தூக்க முடியாமக் கெடக்குற அந்தப் புள்ளைங்க எங்கிட்டுப் போகும்?"

சபையே, உங்களுக்கும் கேட்டதா? மாப்பிள்ளைக்குக் கேட்டிருக்கிறது. துண்டால் முகத்தைத் துடைக்கிறார்.

"போயிட்டு வா ஆத்தா."

சட்டமடிக்காத நகல் ஒன்று என் சட்டைப்பையில் இருக்கிறது. ஐயா, உங்கள் பேனாவைக் கொடுங்கள். போடம்மா கையெழுத்து. எழுதி முடிக்கும்வரை யாரும் மேசையை ஆட்டாதீர்கள். பொறுமையாய்க் கேட்டவர்களுக்கு நன்றி, பசியோடு கேட்டவர்களுக்குப் பலமடங்கு நன்றி. எல்லாருக்கும் என் வணக்கம்.