கயிறு கட்டின நாற்காலி

...அதெல்லாம் மெதுவாப் பண்ணலாம், பூட்டுக்காரரே. தெறப்பு விழா பதினோரு மணிக்குத்தான். இப்ப பத்தே கால். பைய எறக்கி வைங்க. ஒரு சாவி தொலஞ்சதுக்கு இந்த மனோதத்துவத் துறையில என்ன பாடு படுத்திட்டாங்க தெரியுமா... இருபத்தாறு வருஷமா இந்த வராண்டாவுல பியூனா இருக்கேன். ஒரு பேனா மூடி தொலச்சிருப்பேனா?

முந்தாநாள் சாயங்காலம் இந்த ஹால்ல எல்லாத்தையும் அடுக்கிட்டு, பூட்டி, சாவிய என் கையில குடுத்தாங்க. 'மனோதத்துவம் வளர்ந்த கதை'ன்னு கண்காட்சி. என்ன பெரிய கதை? ஒருத்தர் சொன்னத அடுத்தவரு தப்புன்னாரு, அதுக்கடுத்தவரு ரெண்டு பேரும் தப்புன்னாரு. எங்க மச்சான் வீட்டு பாகப் பிரிவினை மாதிரிதான். அதுக்கு இத்தனை படம், இத்தனை அட்டை... சரி, விடுங்க. நேத்து காலையில சாவிய கேட்டாங்க. காணோம்னேன். அவ்வளவுதான், ஆரம்பிச்சாங்க.

அந்தப் பச்சைத் திரை போட்ட ரூம் இருக்குல்ல, அது கனவு சார் ரூம். எதுக்கெடுத்தாலும் ராத்திரி என்ன கனவு கண்டேம்பாரு, அதனால நான் வச்ச பேரு. என்னக் கூப்பிட்டு சோபாவுல படுக்கச் சொன்னாரு. ட்யூட்டி நேரத்துல படுன்னா எனக்கென்ன, படுத்துட்டேன். "சின்ன வயசுல உங்கம்மா உங்கள எங்கயாவது பூட்டி வச்சாங்களா?"ன்னாரு. சார், எங்க வீட்டுக்குக் கதவே கெடையாது, சாக்குதான் தொங்கும்னேன். "அப்ப சரி. பூட்டுன்னாலே உங்க அடிமனசுக்கு ஆகல. சாவியத் தொலைக்கணும்னு அது முடிவு பண்ணியிருக்கு. உங்களுக்கே தெரியாது"ன்னாரு. எனக்கே தெரியாம எனக்குள்ள ஒருத்தன் உக்காந்து முடிவு பண்றானாம். அப்ப சாவி தொலச்சதுக்கு எனக்குக் குடுத்த மெமோவ அவனுக்குக் குடுக்கலாம்ல?

பக்கத்து ரூம் மணி சார். இவருக்கும் கனவு சாருக்கும் ஏழாம் பொருத்தம். மனசுன்னு ஒண்ணு கெடையவே கெடையாதும்பாரு. நாய்க்கு மணியடிச்சு மணியடிச்சு சோறு போட்டா, அப்புறம் சோறே வேணாம், மணிச் சத்தத்துக்கே எச்சில் ஒழுகுமாம். மனுஷனும் அப்படித்தானாம். "போன மாசம் அலமாரி சாவி தொலஞ்சப்போ எல்லாரும் உன்னச் சுத்தி நின்னாங்க, டீ குடுத்தாங்க. அந்த ருசியில மறுபடி தொலைக்கிற"ன்னாரு. அந்தச் சாவி அவரோட டிராயர்லதான் இருந்துச்சு, அது வேற விஷயம். எனக்கு யாரும் டீ குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. நேத்துலருந்து நாக்கு வறண்டு கெடக்கு. இதுல வேடிக்கை என்னன்னா... பத்தரைக்கு நான் டீ ட்ரேயை ஒரு தட்டு தட்டினாப் போதும். அவரு உதட்டத் தொடச்சுக்கிட்டே வெளிய வந்துருவாரு. ட்ரே காலியா இருந்தாலும் வருவாரு. யாரு யாரப் பழக்கி வச்சிருக்கா, நீங்களே சொல்லுங்க.

...ஒரு 'ம்'மாவது கொட்டுங்களேன். சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு.

மூணாவது முழுசம்மா. எதையும் பிச்சுப் பாக்கக் கூடாது, முழுசாத்தான் பாக்கணும்பாங்க. அவங்க சுவத்துல ஒரு படம், ஒரு தடவ பாத்தா ஜாடி, இன்னொரு தடவ பாத்தா ரெண்டு மூஞ்சி. "சாவிய மட்டும் தனியாத் தேடாதீங்க. கதவு, பூட்டு, நீங்க, எல்லாம் சேந்த முழுசப் பாருங்க"ன்னாங்க. பாத்தேன். முழுசாப் பூட்டியிருந்துச்சு.

கடைசி ரூம் அன்பு சார். அவரு எதுவும் சொல்ல மாட்டாரு, நாம சொன்னதையே திருப்பிச் சொல்லுவாரு. சாவி இல்ல சார்னேன். "சாவி இல்லன்னு உங்களுக்குத் தோணுது"ன்னாரு. பசிக்குது சார்னேன். "பசியை உணர்றீங்க"ன்னாரு. அரைமணி நேரம். அப்புறம் ஒரு கோபுரம் மாதிரி படம் வரைஞ்சாரு. அடியில சோறு, அதுக்கு மேல பாதுகாப்பு, அப்புறம் பாசம், மரியாதை, உச்சியில நாம நாமளாவே ஆயிடுறதாம். "இதுல நீங்க எந்தப் படியில நிக்கிறீங்க?"ன்னாரு. வராண்டாவுலதான் சார் நிக்கிறேன், உக்கார நாற்காலி இல்லன்னேன். "நாற்காலி இல்லன்னு உணர்றீங்க"ன்னாரு. உணரல சார், நெசமாவே இல்ல.

...என்ன? நாற்காலி எங்க போச்சா? அப்படிக் கேளுங்க. இந்தக் கதவு இடுக்குல ஒரு கண்ண வைங்க. நடுவுல செவப்புக் கயிறு கட்டியிருக்கா? தலை சாய்க்கப் பலகை வச்ச நாற்காலி. பதினாறு வருஷம் நான் உக்காந்தது. எனக்கு முதுகெலும்பு தேஞ்சிருக்குங்க. வேற எதுல உக்காந்தாலும் பத்து நிமிஷத்துல உயிர் போயிரும். இப்ப அதுக்கு முன்னால அட்டை: 'நம் துறையின் நிறுவனர் அமர்ந்து மனதை ஆராய்ந்த நாற்காலி. உட்காராதீர்கள்.' விழா முடிஞ்சதும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப் போறாங்க. ரிட்டயர் ஆக மூணு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் எனக்கு ஸ்டூலாம்.

நெசமாவே நிறுவனர் உக்காந்ததான்னா... கிட்ட வாங்க. அது முடிவெட்டுற கடை நாற்காலிங்க. எங்க தெருவுல சலூன் மூடினப்போ வெளிய போட்டாங்க, நான் தூக்கிட்டு வந்தேன். ஆனா நான் தண்ணி குடிக்க எழுந்தாப் போதும், எவனாவது வந்து உக்காந்துக்குவான். பொறுத்துப் பொறுத்துப் பாத்து, ஒரு நாள் மணி சார் உக்காந்திருக்கும்போது, "சார், அது நிறுவனர் உக்காந்தது, பாத்து"ன்னேன். தேள் கொட்டின மாதிரி எழுந்தாரு. அதுக்கப்புறம் ஒரு பய கிட்ட வரல. நான் மட்டும் காவலுக்கு உக்காந்திருக்கிற மாதிரி உக்காந்துக்குவேன். நல்லாத்தான் போச்சு. இப்படிக் கண்காட்சி ஒண்ணு வரும்னு யாரு கண்டா?

இவங்க நாலு பேரும் ஆயுசுல ஒண்ணு சேந்தது அந்த நாற்காலி விஷயத்துல மட்டும்தான். தலைப்பலகையப் பாத்துட்டு, "என் சோபாவுக்கு இதுதான் முன்னோடி"ன்னாரு கனவு சார். ஒசத்துற மிதியைக் காட்டி, "அழுத்தினாப் பலன் கெடைக்குது பாத்தீங்களா"ன்னாரு மணி சார். அது சுத்துதுல்ல, முழுசம்மா ஒரு சுத்து சுத்திவிட்டு, எல்லாப் பக்கமும் முழுசாத் தெரியுதுன்னாங்க. அன்பு சார் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. இவ்வளவுக்கப்புறம் போயி, சலூன்ல பொறுக்கினதுன்னு எந்த வாயால சொல்லுவேன்?

அத விடுங்க. நாலு பேரு நாலு காரணம் சொன்னாங்களே... ஒருத்தராவது, "யோவ், சாவி உன்கிட்டதான் இருக்கா?"ன்னு கேட்டாங்களா? கேட்டிருந்தா குடுத்திருப்பேன். பொய் சொல்ல எனக்கு வராது. நாற்காலி விஷயம் தவிர.

...ஏன் அப்படிப் பாக்குறீங்க? ...நீங்க கேக்குறீங்களா?

...ஆமா. பனியன் பையில. இந்தாங்க. ரெண்டு நாள்ல கேட்ட மொத ஆளு நீங்கதான். கம்பியெல்லாம் உள்ள வைங்க, நல்ல பூட்டு, பாவம்.

தள்ளுங்க... ம். கயித்த ஒரு பக்கம் அவுருங்க. அப்பாடா... முதுகு இப்பத்தான் முதுகா இருக்கு. இல்ல, எழுந்திரிக்க மாட்டேன். அந்தச் செருப்புச் சத்தம் அவங்கதான், நாலு பேரும். வரட்டும். என்னப் பாத்ததும் ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, அத முடிக்கவே சாயங்காலம் ஆயிரும்.

கெளம்பிட்டீங்களா? பூட்டுக்காரரே... போறப்ப அந்தக் கயித்த மறுபடி மாட்டிட்டுப் போங்க. அட்டைய கொஞ்சம் நேரா வைங்க.