தாமத ரயிலுக்கு ஒரு சாட்சி

இரவு மணி எட்டு. தம்பின் ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. மழை விட்டு, ரப்பர் மரங்களிலிருந்து நீர் சொட்டுகிறது. டொக்... டொக்...

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். நடந்து போனவன் காஜா பெராங் ஊர்க்காரன் சேதுராமன். தாயைப் புதைத்து ஒன்பது நாள். கையில் ஒரு ரயில் டிக்கெட்.

தாய் பூங்காவனம் செத்த அன்று அவன் வேலையாகக் கோலாலம்பூரில் இருந்தான். தந்தி போனது. டிக்கெட் வாங்கினான். ஆனால் ரயில் ஏறவில்லை, கள்ளுக்கடையில் உட்கார்ந்துவிட்டான். மறுநாள் லாரி பிடித்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தலைமகன் இல்லாமலே வாய்க்கரிசி போட்டுவிட்டார்கள்.

அவன் அதிர்ஷ்டம், அந்த ரயில் மழையில் மாட்டி ஆறு மணி நேரம் தாமதம். அதனால்தான் வர முடியவில்லை என்று ஊரெல்லாம் சொன்னான். அதோடு விட்டானா? நஷ்ட ஈடு கேட்டு மனு எழுதினான். பெற்றவள் முகம் பார்க்காததற்கு இருநூறு வெள்ளி. அந்த மனுவோடுதான் அன்று ஸ்டேஷனுக்கு வந்தான்.

ஸ்டேஷனில் கணக்கு எழுதும் கிராணி மருதமுத்து டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஓட்டையே இல்லையே. வண்டியில ஏறியிருந்தா செக்கர் குத்தியிருப்பாரே? நீங்க அதுலதான் வந்தீங்கன்னு யாராச்சும் சாட்சி சொல்லணும்."

காசு கொடுத்து யாரைப் பிடிக்கலாம் என்று யோசித்தபடி சேதுராமன் வெளியே போய் ஒரு பீடி பிடித்தான். திரும்பி வந்தால், கிராணி முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

"சாட்சி கைநாட்டு வச்சாச்சு."

"யாரு?"

"உங்க அம்மாவாம். மகன் அந்த வண்டியிலதான் வந்தான்னாங்க. பாவம், பேசவே முடியல. வாயெல்லாம் அரிசி."

காகிதத்தில் ஈரமாக ஒரு பெருவிரல் ரேகை. மண் வாடை... அதன் அடியில் புளித்த சோற்று நாற்றம்.

மனுஷனாக இருந்தால் அதைக் கிழித்துப் போட்டிருப்பான். அவன் கீழே கையெழுத்துப் போட்டான்.

வெளியே கபீரின் டாக்ஸி. நாலு பேர் சேர்ந்தால் கிளம்பும், ஆளுக்கு ஒன்றரை வெள்ளி. அன்று கடைசி டிரிப், காத்திருக்காமல் எடுத்துவிட்டார். சேதுராமன் முன் சீட்டில் உட்கார்ந்தான். வழி நெடுக கபீர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டே ஓட்டினார். பின் சீட்டில் பச்சரிசி மெல்லும் சத்தம். நறுக்... நறுக்...

காஜா பெராங் வந்தது.

"மூணு வெள்ளி, அண்ணே."

"ஆளுக்கு ஒன்றரைதானே?"

"பின்னால அம்மா இருக்காங்கல்ல?"

சேதுராமன் திரும்பவில்லை. ஒன்றரை வெள்ளியை எண்ணி வைத்தான்.

"அது யாரோ. என்கூட வரல."

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான். அடுத்த மாதம் இருநூறு வெள்ளி வந்தது. வாங்கிக்கொண்டான்.

கபீர் இன்றும் அதே ரோட்டில்தான் ஓட்டுகிறார். எவ்வளவு கூட்டமானாலும் மூன்று பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. ஏன் என்று நான் கேட்டேன்.

"அந்தம்மா இன்னும் எறங்கலையே, தம்பி."