நெருப்புக்கோழியின் நெஞ்செலும்பு

எலும்புக்காரர்: ...ஐயோ மேடம், தட்டாதீங்க! இந்த நெருப்புக்கோழிதான் மியூசியத்துலயே பழைய எலும்புக்கூடு. பொடிப்பொடியாயிடும்.

ஆய்வாளர்: எலும்புன்னா இப்படியா சத்தம் வரும்? சுண்ணாம்பைத் தட்டுற மாதிரி...

எலும்புக்காரர்: நெஞ்சை விடுங்க, காலைப் பாருங்க. ரெண்டே விரல்! வேற எந்தப் பறவைக்கு இருக்கு?

ஆய்வாளர்: பேச்சை மாத்தாதீங்க அண்ணே.

எலும்புக்காரர்: மாத்தலை... சரி, இந்த இறக்கை? பறக்கவே போறதில்லை, இவ்வளவு நீள எலும்பு எதுக்கு? நுனியில நகம் வேற! இருபத்தாறு வருஷமா துடைக்கிறேன், இன்னும் பிரமிப்பு அடங்கலை.

ஆய்வாளர்: எனக்கும்தான். வாய்க்குள்ள பாருங்க, அண்ணம். ஈமு, கிவி எல்லாத்துக்கும் இதே சாயல். டினமுன்னு கோழி அளவுல ஒரு பறவை, அதுக்கும் இதே அண்ணம். ஆனா அது பறக்கும்.

எலும்புக்காரர்: பறக்குமா! இதுங்க சொந்தத்துலயா?

ஆய்வாளர்: நெருங்கின பங்காளி. மத்ததுங்க ஆளுக்கொரு பக்கம் போய், தனித்தனியா பறக்கிறதை விட்டிருக்குங்க.

எலும்புக்காரர்: அம்மாடி... ஒருத்தன் மட்டும் விடவே இல்லையா!

ஆய்வாளர்: அதான் டினமு நெஞ்செலும்புல நடுவுல ஒரு மேடு நிக்கும். பறக்கிற தசை அதுலதான் ஒட்டியிருக்கும். நெருப்புக்கோழிக்கு அது கிடையாது. தாம்பாளம் மாதிரி தட்டை. இதுல மட்டும் எப்படி மேடு வந்துச்சு?

எலும்புக்காரர்: நான்தான் வச்சேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். கோழிக்கு இருக்கு, புறாவுக்கு இருக்கு... இதோடது எங்கயோ தொலைஞ்சிடுச்சுனு நினைச்சேன். திட்டு விழுமேனு சுண்ணாம்பைக் குழைச்சு ஒட்டிட்டேன்.

ஆய்வாளர்: யாருமே கண்டுபிடிக்கலையா?

எலும்புக்காரர்: பெரிய பெரிய ஆளுங்கல்லாம் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. தப்புனு தெரிஞ்சப்புறமும் எடுக்க மனசு வரலை. அந்த மேட்டைப் பார்த்தா, இப்பவே எழும்பிடும்போல இருக்கும்... அறிக்கையில எழுதிடுவீங்களா? எழுதினா இந்த அறைச் சாவியைப் பிடுங்கிடுவாங்க மேடம்.

ஆய்வாளர்: எழுதாம விட முடியாது. ஆனா சாவி உங்ககிட்டதான் இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு.

எலும்புக்காரர்: எனக்காக நீங்க எதுக்கு...? ஆமா, இத்தனை எலும்புக்கூடு இருக்க, நேரா இதுகிட்ட வந்து நின்னீங்களே! யாராவது போட்டுக் கொடுத்தாங்களா?

ஆய்வாளர்: யாரும் இல்லை. நாலாம் வகுப்புல எங்களை இங்க கூட்டிட்டு வந்தாங்க. இதைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சேன். 'இந்த மேடு கிடையாது'னு டீச்சர் சிவப்புல அடிச்சிட்டாங்க. என் கண்ணால பார்த்தேன்னு அழுதேன்... அவங்க சொன்னது தப்புனு நிரூபிக்கத்தான் அண்ணே, இவ்வளவும் படிச்சேன்.