பறக்கும் மனிதனின் இடுப்புப்பட்டி பற்றி நான் கொடுத்த கடிதம்

1996ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் திகதி திங்கட்கிழமை முற்பகல் 10.20க்கு, கல்முனைப் பொலிஸ் நிலையத்தில், சார்ஜன்ட் றொமால்ட் கேட்டு எழுத, தமிழில் கூறியது.

பெயர்: உதுமாலெவ்வை ஆதம்பாவா. வயது: 48. தொழில்: விஞ்ஞான ஆசிரியர், சேவைக்காலம் 23 வருடம். முகவரி: கடற்கரை வீதி, சாய்ந்தமருது.

நான் மேற்சொன்ன முகவரியில் மனைவியுடனும் மூன்று பெண் பிள்ளைகளுடனும் வசித்து வருகிறேன். இந்த முறைப்பாட்டில் பெயர் குறிப்பிடப்பட்டுள்ள ஜவுபர் என்பவரை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். அவர் எனக்கு உறவினர் அல்லர். முன்னர் லொறி ஓட்டியவர். கால் முறிந்த பின்னர் அதைச் செய்ய இயலாமல், எங்கள் வீதியிலுள்ள பழைய நெல் களஞ்சியத்தை எடுத்து வீடியோப் படம் காட்டும் மண்டபமாக நடத்தி வருகிறார். அவருக்கு வேறு தொழில் இல்லை.

மண்டபத்தைத் திறப்பதற்கு முன்னர் ஜவுபர் பள்ளிவாசலில் அனுமதி கேட்டார். எங்கள் ஊரில் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் மரைக்காயர் என்ற பெரியவர் ஒருவர் இருந்து, அவர்கள் கூடித்தான் இவ்வாறான காரியங்களைத் தீர்மானிப்பது வழக்கம். அவர்களுக்குத் தலைவர் அச்சிமுகம்மது மரைக்காயர். ஆட்டபாட்டப் படமும் சூனியம், மந்திரம் வரும் படமும் கூடாது, விஞ்ஞானப் படம் மாத்திரம் காட்டலாம், ஒவ்வொரு படத்துக்கும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் கடிதம் தரவேண்டும் என்று எழுதி அனுமதி கொடுத்தார்கள். அந்த ஆசிரியராக என்னைக் குறித்தார்கள். நானும் சம்மதித்தேன்.

வருகிற கசெட்டுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். பார்க்க வருபவர்களுக்கு ஆங்கிலம் விளங்காது. ஆகையால் படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, நான் மைக்கில் இருந்து, நடப்பதையும் பேசுவதையும் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். சனிக்கிழமை பிற்பகல் பெண்களுக்கான காட்சி. அன்றைக்கு மண்டபத்தின் நடுவே நீளவாக்கில் திரைச்சீலை கட்டப்படும். அந்தப் பக்கம் பெண்கள். இந்தப் பக்கம் நான் மைக்கோடும், ஜவுபர் வீடியோ டெக்கோடும். கடலடி உயிரினங்கள், எரிமலை, சந்திரப் பயணம் என்று இதுவரை பதினொரு படங்களுக்குக் கடிதம் கொடுத்து விளக்கமும் சொல்லியிருக்கிறேன். எந்த முறைப்பாடும் வரவில்லை.

ஜூன் 12ஆம் திகதி ஜவுபர் ஒரு கசெட்டை என் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். மஞ்சள் உடுப்பு அணிந்த ஒரு மனிதன் இடுப்பில் ஒரு பட்டியைக் கட்டியதும் வானத்தில் பறந்து, ஊரைக் காப்பாற்றும் படம் அது. எரிமலைப் படத்துக்கு ஒன்பது பேர்தான் வந்ததாகவும், இந்தப் படத்தைக் காட்டாவிட்டால் மண்டபத்தைப் பூட்டவேண்டியதுதான் என்றும் அவர் கூறினார். அதன் பின்னர் நான் அந்தப் படத்தை முழுவதும் பார்த்தேன். பாதியில் நிறுத்தினேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை. செத்துப்போன ஒரு ராஜா ஆவியாக வந்து, தன் உயிரை அந்தப் பட்டிக்குள் ஊதிக் கொடுக்கிறான். படத்தில் பறப்பதற்கு உள்ள காரணம் அது ஒன்றுதான். அது எனக்குத் தெரிந்திருந்தும், ‘இது விஞ்ஞானப் புனைகதை, மாணவருக்கு உகந்தது’ என்று எழுதி, கையொப்பமிட்டுக் கொடுத்தேன். தாங்கள் இப்போது எனக்குக் காட்டும் கடிதம் அதுதான். எழுத்தும் என்னுடையது.

ஜூன் 15ஆம் திகதி சனிக்கிழமை பிற்பகல் 3.30க்கு, மின்வெட்டு என்றபடியால் ஜெனரேட்டரில் காட்சி தொடங்கியது. அறுபது பேரளவில் இருந்தார்கள். ராஜா வந்த இடத்தில் நான் ராஜா என்று சொல்லவில்லை. அவர் ஒரு வயதான விஞ்ஞானி என்றும், பட்டி வேறொரு நட்சத்திரத்திலிருந்து விழுந்த உலோகத்தால் செய்யப்பட்டது என்றும், அது சூரிய வெளிச்சத்தைச் சேமித்து வைத்து ஈர்ப்பு விசையை எதிர்க்கும் என்றும் சொன்னேன். இவை எதுவும் படத்தில் இல்லை. அதன் பின்னர் அந்தப் பறக்கும் மனிதன் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லிக்கொண்டு போனேன். மேகத்துக்குள் போனபோது பட்டியின் பலம் குறைகிறது என்றேன். அந்த நேரம் தற்செயலாக அவன் கீழே விழுந்தான். பெண்கள் பக்கமிருந்து ஆரவாரம் கேட்டது. ஜவுபர் என் தோளில் தட்டி, “சேர், எவ்வளவு பெரிய விஞ்ஞானம்!” என்றார். அவருக்கு ஆங்கிலத்தில் லொறிப் பாகங்களின் பெயர் தவிர வேறொன்றும் தெரியாது.

அதன் பின்னர் ராஜாவின் ஆவி இரண்டாம் தடவை வந்தது. நான் சொல்லிக்கொண்டிருக்கையில் திரைச்சீலைக்கு அப்பாலிருந்து ஒரு பெண், “சேர், அந்தாள் அப்பிடி ஒண்டும் சொல்லல்லயே! ‘எண்ட உசிர இந்தப் பட்டிக்குள்ள ஊதித் தந்தனே, மறந்திட்டியா’ எண்டெல்லுவா கேக்கிறான்” என்றார். குரலைக் கொண்டு அவர் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்த சுல்பிகா என்று அறிந்தேன். அவர் குவைத்தில் ஆறு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். எஜமானியின் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் கதைத்துப் பழகியவர். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு பெண், “நீ குந்து புள்ள. அவண்ட கதைய உட சேர்ர கதைதான் நல்லம்” என்றார். நான் மைக்கை நிறுத்தவில்லை. கடைசி வரையும் உலோகத்தைப் பற்றியே சொல்லி முடித்தேன்.

வெளியே வந்தபோது சுல்பிகா வாசலில் நின்று, “கோவிக்காதீங்க சேர். ஒண்டு மட்டும் நீங்க சொல்லல்ல. அவ்வளவு ஒசரத்துல அவன் எப்பிடி மூச்சு உடுறான்?” என்று கேட்டார்.

அன்று மாலை மஃரிபுத் தொழுகைக்கு முன்னர், மண்டபத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டு அச்சிமுகம்மது மரைக்காயர் என் வீட்டுக்கு வந்தார். கோபமாக வரவில்லை. கதிரையில் இருந்து தேநீரும் குடித்தார். “மாஸ்டர், எனக்கு இங்கிலீசு தெரியா. படம் பார்க்கிற பழக்கமும் இல்ல. ஒண்டே ஒண்டு கேக்கிறன். விஞ்ஞானம் படத்துல இரிக்கா, ஒங்கட வாயில இரிக்கா?” என்று கேட்டார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்கு அவர், “யோசிக்க இதுல என்ன இரிக்கி?” என்று எழும்பிப் போனார். மறுநாள் அவர், பொய் சொல்லி அனுமதி பெற்றதாக ஜவுபருக்கு எதிராக இங்கு முறைப்பாடு செய்தார். பொலிஸார் மண்டபத்துக்கு வந்து தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் கசெட்டுகளையும் எடுத்து வந்தார்கள்.

இன்று காலை இந்த நிலையத்தின் வாங்கில் ஜவுபர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “சேர், ஒரே புடியா நில்லுங்க. விஞ்ஞானம்தான் எண்டு ஒரு சொல் சொன்னா என்னையும் உடுவாங்க, ஒங்களுக்கும் கரச்சல் இல்ல. ஆருக்குத் தெரியப்போகுது?” என்றார். அந்நேரம் நான் உள்ளே அழைக்கப்பட்டேன்.

பறக்கிற மனிதனின் படம் விஞ்ஞானமா இல்லையா, ஓம் அல்லது இல்லை என்று மாத்திரம் சொல்லும்படி கேட்கப்பட்டதற்கு நான் கூறுவதாவது: பறப்பது குற்றமல்ல. விஞ்ஞானப் புனைகதையில் இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துக்கொள்ள இடமுண்டு. ஆனால் வைத்துக்கொண்ட பிறகு, அதிலிருந்து என்ன வரும் என்று கேட்டே ஆகவேண்டும். அந்த மனிதன் ஒரு கையால் ரயிலைத் தூக்குகிறான். அவன் காலடி மண் இம்மியும் பதியவில்லை. இரண்டு மூட்டை நெல்லைத் தோளில் ஏற்றியவனின் குதிக்கால் களத்து மண்ணில் இறங்குவதை இந்த ஊரில் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்தப் படத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டவர் சுல்பிகா ஒருவர்தான். ஆகவே பதில், இல்லை. அந்தப் படம் விஞ்ஞானப் புனைகதை அல்ல. அன்றைக்கு மண்டபத்தில் அப்படி ஏதும் இருந்திருந்தால், அது நான் மைக்கில் கட்டிச் சொன்னது.

இவ்வாறு கூறினால் கல்வித் திணைக்களத்தில் எனக்கெதிராக விசாரணை வரலாம் என்று சார்ஜன்ட் எனக்கு விளங்கப்படுத்தினார். விளங்கிக்கொண்டுதான் கூறுகிறேன். ஜவுபர் படத்தின் பாஷை தெரியாதவர். என் கடிதத்தை நம்பிக் காட்டினார். என் விளக்கத்தை நம்பிக் கேட்டார். பொய் எழுதியது நான். ஆகையால் முறைப்பாட்டில் அவரது பெயர் இருக்கும் இடத்தில் எனது பெயரைப் போடும்படியும், அவரது பொருட்களை அவரிடம் திருப்பிக் கொடுக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின்னர் மரைக்காயர்மார் கூடும்போது அவர்கள் முன்னிலையிலும் இதையே கூறுவேன். இனி யார் கடிதம் கொடுப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

எழுதி முடிந்ததும் சார்ஜன்ட் எல்லாவற்றையும் எனக்கு வாசித்துக் காட்டினார். கைப்பற்றிய பொருட்களின் பட்டியலில் 14ஆம் இலக்கத்தில் ‘விஞ்ஞானப் படக் கசெட் 1, மஞ்சள் உறை’ என்று இருந்தது. ‘விஞ்ஞான’ என்பதை வெட்டும்படி கேட்டேன். “சேர், இது சாமான் லிஸ்ட் மட்டும்தான். கடிதத்தப் பார்த்து எழுதினது. இதால ஒண்டும் வராது” என்று அவர் கூறினார். வெட்டாமல் ஒப்பமிட மாட்டேன் என்றேன். வெட்டப்பட்டது. வெட்டிய இடத்தில் சிற்றொப்பம் இட்டுள்ளேன்.

மேலே உள்ளது நான் சொன்னபடியே இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொன்னேன். இந்தத் தடவை படத்தில் இல்லாத எதையும் சேர்க்கவில்லை. உண்மை என்று ஏற்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) உ. ஆதம்பாவா