சொத்து விவரத்தில் ஒரு சொல்

உங்கள் ஸ்டேஷன் பேனா நன்றாக எழுதுகிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. நான் எதிர்பார்க்கவில்லை. உங்கள் ரைட்டர் தம்பி, நான் சொல்லச் சொல்லத் தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். முப்பத்திரண்டு வருஷம் ஊரார் பத்திரத்தையெல்லாம் எழுதிக் கொடுத்தவன் தன் வாக்குமூலத்தை இன்னொருவர் கையெழுத்தில் கொடுத்தால் சிரிப்பார்கள். தவிர, அந்தத் தம்பிக்கு ஒற்று எங்கே போடுவதென்று தெரியவில்லை.

என் பெயர் தசரதன். வயது அறுபத்தெட்டு. பத்திர எழுத்தர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து நாலு வருஷம் ஆகிறது; சொந்தச் சொத்துக்குப் பத்திரம் எழுத உரிமம் வேண்டியதில்லை. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிற குதிரைக்காரன் சத்திரம் என்னுடையதாக இருந்தது. இப்போது இல்லை.

சத்திரத்துக்கு நூற்றிப் பத்து வயது. ஜட்கா ஓட்டிச் சம்பாதித்த என் தாத்தா கட்டியது. ஆனால் வருகிறவர்களிடம் இப்படிச் சொன்னால் அவர்கள் முகம் சுருங்கிவிடும். அதனால் நானூறு வருஷம் என்பேன். ஆற்காட்டு நவாப் ஒருமுறை இங்கே தங்கி, பிரியாணி கேட்டு, இல்லையென்றதும் வெண்பொங்கல் தின்று, அதன்பிறகு ஒரு மாதம் அரண்மனைக்கே திரும்பவில்லை என்பேன். வெள்ளைக்காரக் கலெக்டரின் குதிரை எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றாமல் ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்ததாகச் சொல்வேன். ஒரு தடவை அந்தக் குதிரை விபூதி பூசிக்கொண்டதாகக்கூடச் சொன்னேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

வாயால் சொல்வது வேறு. காற்றோடு போகும். முத்திரைத்தாளில் நான் ஒரு எழுத்து பொய் எழுதியது கிடையாது. தென்னை மரம் பதினொன்று என்று எழுதச் சொல்வார்கள். நான் நேரில் போய் எண்ணி ஒன்பது என்று எழுதுவேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். நடந்தது எல்லாமே இதனால்தான் நடந்தது.

ஏழாம் அறைக்குப் பின்னால் ஒரு குழி உண்டு. தாத்தா தன் குதிரைகளுக்குக் கொள்ளு கொட்டி வைக்கத் தோண்டியது. ஆளுயரத்துக்கு மேல் ஆழம், நாலு பக்கமும் கருங்கல், மேலே மூடுவதற்கு ஒரு பலகைக்கல். இருபது வருஷத்துக்கு முன்னால் பெங்களூர்க்காரர் ஒருவர் அந்தக் கல்லைக் காட்டி என்னவென்று கேட்டார். கொள்ளுக் குழி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எதிரில் எங்கள் காவலாள் சுப்பன் துடைப்பத்தோடு நின்றிருந்தான். அவனைப் பார்த்ததும் பெயர் கிடைத்துவிட்டது. "சுப்பைய சித்தர் சமாதிங்க. இருநூறு வருஷமா உள்ள உக்காந்திருக்காரு" என்றேன். பெங்களூர்க்காரர் செருப்பைக் கழற்றினார். வெற்றிலை மென்றுகொண்டிருந்த சுப்பனுக்குப் புரையேறிவிட்டது.

சாயங்காலம் சுப்பனே அந்தக் கல்லைக் கழுவி, விபூதிப் பட்டை போட்டு, அகல் ஏற்றி வைத்தான். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. சிறுவயதிலிருந்து சத்திரத்திலேயே இருந்தவன். பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே பெண் வள்ளி, வேங்கிக்காலில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். மருமகன் வீட்டில் போய் ஒட்டிக்கொள்ள மாட்டேன் என்று வாசல் அறையிலேயே கிடந்தான். தாடியும் சடையுமாக நல்ல களை. புதிதாக வருகிறவர்கள் காலில் விழுந்தால் கூச்சப்படாமல் ஆசீர்வாதம் பண்ணுவான்.

அன்றிலிருந்து அது எங்களுக்குள் ஒரு தமாஷ். அகல் ஏற்றும்போதெல்லாம் கேட்பான். "நான் எப்பங்க ஐயா உள்ள போறது?"

"பத்திரம் எழுதறப்ப சொல்றேன்டா."

இருபது வருஷம் ஒரே கேள்வி, ஒரே பதில். இருவரும் ஒவ்வொரு தடவையும் சிரித்தோம்.

போன வருஷம் சத்திரத்தை விற்க முடிவு செய்தேன். முழங்கால் வலி, பையன் வெளிநாட்டில், பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டத்தோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. இடத்தை மட்டும் கேட்டு வந்தவர்கள் உண்டு. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவார்கள். அவர்களுக்குக் கொடுக்க மனமில்லை. ஓடுகிற சத்திரமாக, பெயர்ப்பலகையோடும் வழக்கமாக வருகிறவர்களோடும் கதைகளோடும் வாங்குகிறவர் வேண்டும் என்றிருந்தேன். சென்னையிலிருந்து சரவணகுமார், ஆர்த்தி என்று ஒரு தம்பதி வந்தார்கள். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் வாழப்போவதாகச் சொன்னார்கள். நவாப் கதைக்கு ஆர்த்தியம்மா கண்கலங்கினார். பொங்கலுக்கே கண்கலங்குகிறவர் சமாதியைப் பார்த்தால் என்ன செய்வார் என்று நினைத்தேன். அந்தக் கல்லின் மேல் ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எழுந்ததும் கேட்டார்.

"இது வெறும் சமாதியா சார், ஜீவ சமாதியா?"

நான் யோசிக்கவே இல்லை. "ஜீவ சமாதிதாம்மா. உயிரோட எறங்கினவரு" என்றேன்.

"அப்போ அதை டாக்குமெண்ட்ல எழுதிடுங்க. அந்த ஒரு வார்த்தை இருந்தாத்தான் வாங்குறோம்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர் வாங்குவது அதைத்தான். சுவரும் கட்டிலும் எங்கேயும் கிடைக்கும். பிறகு ஒருநாள் கல்லை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்து, உள்ளே விளக்கு போடப்போவதாகவும் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் எனக்குத் தூக்கம் போயிற்று. கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால் என்ன தெரியும்? நாலு கருங்கல் சுவர், ஒரு பிடி உளுத்துப்போன கொள்ளு. மேலே என் எழுத்தில் ஜீவ சமாதி என்று பத்திரம். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் பொய், அதுவும் என் சொந்தச் சொத்தில்.

மற்ற ஆட்கள் எல்லோரும் சத்திரத்தோடு சேர்ந்து அவர்களிடம் போவதாகப் பேச்சு. சமையல்காரி, துணி துவைப்பவர், தோட்டக்காரர், எல்லோரும். சுப்பனை மட்டும் சரவணகுமார் வேண்டாம் என்றார். வயதாகிவிட்டதாம், வாசலில் துப்புகிறானாம். இதைச் சுப்பனிடம் நான்தான் சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். அதுவரை அவன் என் கையைத் தொட்டதில்லை.

"என்னை இங்கேர்ந்து அனுப்பிடாதீங்க ஐயா. மூலையில ஒரு எடம் போதும். நான் இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது."

"நீ எங்கயும் போகமாட்டடா" என்றேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்த வாக்கை நான் மீறவில்லை.

பதிவு ஒரு வியாழக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால் பௌர்ணமி. பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் பக்கம் வெறிச்சோடிவிடும். சுற்றிய ஜனம் முழுக்க பஸ் ஏறிவிடும், வேலையாட்களுக்கு விடுமுறை. மேஸ்திரியை முந்தின வாரமே வரவழைத்து, பலகைக்கல்லை ஒரு பக்கம் நிமிர்த்தி ஆப்பு வைத்து நிறுத்தியிருந்தேன். வாங்குகிறவர்கள் பார்ப்பதற்காகச் சுத்தம் பண்ண வேண்டும் என்று காரணம் சொன்னேன். சுத்தம் பண்ணவும் வேண்டியிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் சுப்பனுக்கு இலை போட்டு நானே பரிமாறினேன். வடை, பாயசத்தோடு சாப்பாடு. "இன்னாங்க ஐயா, எனுக்கு விருந்தெல்லாம்?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு தடவை பாயசம் வாங்கிக்கொண்டான். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, வெற்றிலைப் பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏணி வழியாகத் தானாகவே இறங்கினான். நான் அவனைத் தொடவில்லை. கீழே போனதும் அண்ணாந்து பார்த்து, "உள்ள வந்துட்டேங்க ஐயா. பத்திரம் எழுதியாச்சா?" என்றான்.

"எழுதியாச்சுடா" என்றேன். ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். ஆப்பைத் தட்டினேன். கல் அதுவாகவே உட்கார்ந்தது.

முதலில் அவன் சிரித்தான், அம்மா. கல்லுக்கு அடியிலிருந்து நன்றாகக் கேட்டது. இருபது வருஷ தமாஷில் இதுதான் உச்சம் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தேன். கொஞ்ச நேரம் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு, "போதுங்க ஐயா, கொள்ளு நெடி மூக்க அடைக்குது" என்றான். நான் சிமெண்டு குழைக்க ஆரம்பித்தேன். நாலு ஓரமும் பூச முக்கால் மணி நேரம் பிடித்தது. எனக்குக் கொத்து வேலை பழக்கமில்லை.

பூசி முடித்ததும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பத்திரத்தை உரக்கப் படித்தேன். கையெழுத்துக்கு முன்னால் சம்பந்தப்பட்டவர்களுக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டுவது எங்கள் தொழில் முறை. படிக்கச் சொல்லிக் கேட்டுச் சம்மதித்து என்று கடைசியில் எழுதுகிறோமே, அது வெறும் அலங்காரமாக இருக்கக்கூடாது. சுப்பனும் சொத்து விவரத்தில் வருகிறான். நான்கெல்லை, பதினோரு அறை, கிணறு, கட்டில்கள், பித்தளை அண்டா, ஒன்பது தென்னை, 'மேற்படி சொத்தில் அமைந்துள்ள சுப்பைய சித்தர் ஜீவ சமாதி ஒன்று'. அந்த வரிக்கு வந்தபோது கீழே தட்டுவது நின்றது. கேட்டுக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். பிறகு வள்ளி பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். நான் ஓர் ஊதுவத்தி ஏற்றி வைத்துவிட்டு மாத்திரை போடப் போனேன்.

எத்தனை வருஷத்துச் சமாதி என்றும் எழுதச் சொல்லி ஆர்த்தியம்மா கேட்டார். மறுத்துவிட்டேன். இருநூறு என்று எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பதிவு முடிந்தது. பெருவிரல் மையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. சமாதி என்று எழுதியாகிவிட்டது, அவன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சொல் சரிதானா என்று. நாளைக்குள் சரியாகிவிடும் என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வள்ளி மறுவாரம் வந்தாள். அப்பா எங்கே என்று கேட்டாள். சத்திரம் கைமாறியதில் மனசு விட்டுப்போய்ச் சாமியாராகிவிட்டார், தேட வேண்டாம் என்றேன். இதில் எது பொய் என்று நீங்களே சொல்லுங்கள். அவள் அழுதாள். சுப்பைய சித்தரிடம் வேண்டிக்கொண்டால் அப்பா கண்ணில் படுவார் என்று யோசனை சொன்னேன். எட்டு மாதம் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, அந்தக் கல்லில் நெற்றியை வைத்து, எங்கப்பாவை ஒருதரம் காட்டிடு சாமி என்று வேண்டிக்கொண்டாள். நானும் சில வெள்ளிக்கிழமைகளில் போய்ப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவள் வேண்டுதல் பலித்துவிட்டது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

போன வாரம் கண்ணாடி பதிக்கக் கல்லைத் தூக்கினார்கள். சுவரில் சாய்ந்து, கால் மடக்கி உட்கார்ந்த நிலையில் இருந்தானாம். ஆர்த்தியம்மா சாஷ்டாங்கமாக விழுந்துவிட்டாராம். அவர்கள் சென்னையிலிருந்து கூட்டி வந்த மேஸ்திரிதான், இருநூறு வருஷத்துச் சித்தர் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறாரே என்று கேட்டாராம். இந்த இடத்தில் நான் கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். நேரில் பார்த்தவர்கள் சொன்னது. வெற்றிலைப் பெட்டியை வள்ளி அடையாளம் காட்டினாள். நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். அப்போது நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன், நீங்கள் வேண்டாம் என்றுவிட்டீர்கள்.

சரவணகுமார் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். சொத்து விவரத்தில் எந்த வரி பொய் என்று அவருடைய வக்கீல் காட்டட்டும்.

மேலே கண்டபடி எல்லாவற்றையும் செய்தவன் நான் ஒருவனே. யாரும் என்னைத் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை. வள்ளி இப்போது ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிகிறது. நீங்கள் வெளியே போகும்போது அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், அம்மா. அவள் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று திட்டிக்கொண்டிருப்பதாகக் கான்ஸ்டபிள் சொன்னார். அது சரியில்லை. வெறும் சமாதி என்று எழுதினால் போதும் என்று ஆர்த்தியம்மா விட்டிருந்தால், அவள் அப்பாவின் பாயசத்தில் எதையாவது கலந்து, தூக்கத்திலேயே முடித்துவிட்டுத்தான் கீழே இறக்கியிருப்பேன்.