வாதியில் போன சைக்கிள்

ஓடுகிறேன். சைக்கிளையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறேன். தலைக்கு மேலே ஹெலிகாப்டர். தட தட தட தட. மூடுபனிக்குள் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் இரண்டு மலையிலும் மோதி நான்கு ஹெலிகாப்டராகக் கேட்கிறது. வெள்ளிக்கிழமை. மணி பத்து பன்னிரண்டு.

"ரோட்டை விடுங்கோ நானா! பற்றைக்குள்ள வாங்கோ!"

கத்தியது நான்தான். ஷாகுல் நானா நடு ரோட்டில் ஒரு காலை ஊன்றி நிற்கிறார். கையில் பாதி வாழைப்பழம். என்னைப் பார்க்கிறார். மேலே பார்க்கிறார். மறுபடியும் என்னைப் பார்க்கிறார். வாழைப்பழத்தைத் தின்கிறார்.

நான் பாய்ந்தேன். ரோட்டோரம் நாலடிப் பள்ளம். அதற்கு அப்பால் புதர். முதலில் சைக்கிளைத் தள்ளினேன். பிறகு நான். சைக்கிளுக்கு ஏன் முதலிடம் என்று கேட்பவர்கள் எண்பத்தைந்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓட்டாதவர்கள். ஹாண்டில் வெயிலில் மின்னும். மேலே இருப்பவனுக்கு அது போதும். ஆகவே சைக்கிளை மறை. பிறகு உன்னை மறை. முகத்தை மண்ணில் வை. வாயைத் திறந்து வை, காது தப்பும். எல்லாம் செய்தேன். ஒன்றிலும் பிழை விடவில்லை. அன்று வெயிலே இல்லை என்பதையும், ஊர் வேறு என்பதையும் மட்டும் யோசிக்கவில்லை.

ஊர் சலாலா. ஓமான். ஆண்டு எண்பத்தாறு. கரீஃப் காலம். கடலிலிருந்து பனி ஏறி வந்து மூன்று மாதம் தூறும். மொட்டை மலை பச்சையாகும். வாதி என்று அவர்கள் சொல்லும் வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்கில் தண்ணீர் ஓடும். நான் ஒரு கட்டடக் கம்பெனி ஸ்டோரில் கிளார்க். ஊரைவிட்டு வந்து ஐந்து மாதம். ஷாகுல் நானா கீழக்கரைக்காரர். பஜாரில் சைக்கிள் கடை. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். அவர் என்னைத் தம்பி என்பார். வருடத்தில் ஒரு தடவை, கரீஃபில், அவர் சைக்கிளில் ஒரு வாதி முழுதும் போய் வருவார். இரண்டு நாள் பயணம். கேரியரில் ஸ்டவ், ரொட்டி, பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான். அந்த வருடம் என்னையும் கூப்பிட்டார்.

ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று ஒரு வாரம் சந்தேகப்பட்டேன். அந்த மலையில் சிறுத்தை உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். சிறுத்தை துரத்தும்போது தன்னைவிட மெதுவாக மிதிப்பவன் ஒருவன் கூட இருப்பது நல்லது. காரணம் அதுதான் என்று முடிவு செய்தேன். ஆனாலும் போனேன். அவர் கடையில் இருந்தே ஒரு சைக்கிளும் தந்தார். பிரேக் கொஞ்சம் மெதுவாகப் பிடிக்கும் என்றார். அதையும் சந்தேகப்பட்டேன்.

காலை ஆறரைக்கு மிதிக்கத் தொடங்கினோம். எட்டு மணிக்கு வாதிக்குள் நுழைந்தோம். இடது பக்கம் ஆறு. வலது பக்கம் மலை. நடுவில் மண் ரோடு. புளியமரம் இருக்கிறது, அத்திமரம் இருக்கிறது. ஒட்டகம் முழங்கால் தண்ணீரில் நின்று புல் தின்கிறது. அழகான இடம். அழகான இடங்களை நான் நம்புவதில்லை.

பத்து வருடத்துக்கு முன்பு வரை இந்த மலையில் போர் நடந்தது. சுல்தானின் படை ஒரு பக்கம். மலைக்காரர்களில் ஒரு பகுதி மறுபக்கம். நானா அதை ஒரு கைடு மாதிரிக் காட்டிக்கொண்டே வந்தார். கல்லடுக்கி அரை வட்டமாகக் கட்டிய சிறு சுவர்கள். படுத்துச் சுட்ட இடங்கள். துருப்பிடித்த தோட்டாப் பெட்டிகள். இப்போது ஆடு தண்ணீர் குடிக்கும் தொட்டிகள். நானா அழகு பார்த்தார். நான் ஒவ்வொரு சுவரும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தேன். எல்லாம் ரோட்டைப் பார்த்தன.

ஒன்பது மணிக்கு மேல் வேறொன்று தொடங்கியது. ரோட்டோரம் சின்னச் சின்னக் கற்குவியல். மேல் கல்லில் சிவப்பு மை. யாரோ யாருக்கோ வைத்த சைகை என்றேன். நானா சிரித்தார்.

"ரோடு போடுறவன் வச்ச அடையாளம் தம்பி. உங்களுக்குக் கல்லைப் பாத்தாலும் சந்தேகம், புல்லைப் பாத்தாலும் சந்தேகம். சும்மா மிதிங்க."

ஒன்பது இருபது. மலைச் சரிவில் ஒரு கிழவர். நீலத் துணி. தோளில் துப்பாக்கி. பின்னால் ஏழெட்டு ஆடு. நாங்கள் போனால் அவரும் போகிறார். நாங்கள் நின்றால் அவரும் நிற்கிறார். நான் ஒன்றுக்குப் போக இறங்கினால் இரண்டு அடி கீழே வந்து உற்றுப் பார்க்கிறார். நான் அடக்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் தலையாட்டி என்று ஒரு வேலை உண்டு. சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பான். ஆமி, அதாவது ராணுவம், ஊராட்களை அவன் முன்னால் வரிசையில் விடும். அவன் தலை ஆட்டினால் அந்த ஆள் முடிந்தான். இந்தக் கிழவருக்குச் சாக்கு மட்டும்தான் இல்லை என்று நினைத்தேன். அப்போதுதான் ஹெலிகாப்டர் வந்தது. மலையில் இருந்த முகாமுக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுபோகும் ஹெலிகாப்டர். அது நானாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

பத்து பதினாறு. சத்தம் ஓய்ந்தது. புதருக்குள் கிடக்கிறேன். தூறல். அடுத்த சத்தம் கிழவருடையது.

"மாஃபி ரூஹ்! மாஃபி ரூஹ்!"

போகாதே என்கிறார். ரோட்டோரத்தில் நிற்கிறார். துப்பாக்கி இப்போது தோளில் இல்லை. கையில் இருக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவன் போகாதே என்றால் போய்விட வேண்டும். அதுவும் எங்கள் ஊர்ப் பாடம்தான். நான் இன்னும் உள்ளே ஊர்ந்தேன். முழங்கை, முழங்கால், வயிறு. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தார். டமார். வேகத்தைக் கூட்டினேன். அந்த வேகத்தில் நான் அதுவரை சைக்கிள்கூட மிதித்ததில்லை.

கிழவர் நானாவிடம் அரபியில் ஏதோ கத்தினார். பிறகு நானாவின் குரல். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை.

"தம்பி அசையாதீங்க! கண்ணிவெடி! கையக் கால அப்படியே வைங்க!"

வைத்தேன். கண்ணைத் திறந்தேன். மூக்கிலிருந்து ஒரு முழத்தில் சிவப்பு மை பூசிய கல். ரோடு போடுபவன் வைத்ததல்ல. மலைக்காரர்கள் வைத்தது. போர் முடிந்தது, புதைத்தவர்கள் போய்விட்டார்கள், புதைத்தது போகவில்லை. இரண்டு பக்கத்தாரும் புதைத்தார்கள். எங்கே என்று இப்போது ஆடு மேய்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும். அவர்களுக்கும் தெரிந்தது பாதிதான். இந்த வாதியில் நல்ல இடம் ஒன்றுதான். ரோடு. நான் அதைவிட்டு ஒன்பது மீட்டர் வந்திருந்தேன். ஊர்ந்து. வயிற்றால்.

பத்து இருபத்திரண்டு. தலையை மட்டும் திருப்பிப் பார்க்கிறேன். கிழவர் துப்பாக்கியை ரோட்டில் கிடத்துகிறார். நான் அவர் கையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. வெறும் கையால் என் பின்னால் மண்ணைக் காட்டுகிறார். ஈரச் சேறு. அதில் நான் வந்த தடம் அப்படியே கிடக்கிறது. இந்தப் பக்கம் முழங்கால். அந்தப் பக்கம் முழங்கை. நடுவில் ஒரு வாய்க்கால், அது என் தொந்தி. கம்பெனி மெஸ்ஸில் ஐந்து மாதம் தின்றது வீண்போகவில்லை. திரும்பாதே, பின்னோக்கி வா, குழியில் குழியை வை. கிழவர் அரபியில் சொல்ல, நானா தமிழில் கத்துகிறார்.

தூறல் கனக்கிறது. குழிகளில் தண்ணீர் நிற்கத் தொடங்கிவிட்டது. கரை கரைகிறது. எனக்கு முதுகில் கண் இல்லை. வலது முழங்காலை நானா சொன்ன இடத்தில் வைக்கிறேன். நானாவை நம்ப வேண்டும். நானா கிழவரை நம்ப வேண்டும். கிழவர் சேற்றை நம்ப வேண்டும். அதுவரை என் வாழ்க்கையில் அவ்வளவு பேரை ஒரே நேரத்தில் நான் நம்பியதில்லை.

கடைசி இரண்டு மீட்டரில் தடம் இல்லை. தண்ணீர் மூடிவிட்டது. நானாவின் குரலும் நின்றுவிட்டது. கிழவர் பள்ளத்தில் இறங்கினார். ஒரு காலை நீட்டி, அடி வைத்து, குனிந்து, என் கணுக்காலைப் பிடித்தார். இழுக்கவில்லை. பிடித்துத் தூக்கி ஓரிடத்தில் வைத்தார். பிறகு மற்றக் காலை. பத்து ஐம்பத்தொன்று. ரோட்டில் கிடந்தேன்.

பத்து ஐம்பத்து மூன்று. புதரில் சிக்கியிருந்த சைக்கிள் அசைந்தது. மண் இளகியிருக்க வேண்டும். மெதுவாகச் சரிந்தது. பிறகு நிமிர்ந்து, ஆள் இல்லாமலே, ஆற்றைப் பார்த்து ஓடியது. ஐந்தாறு மீட்டர் நன்றாகத்தான் ஓடியது. நான் ஓட்டியதைவிட நேராக. பிறகு டும். பெரிய சத்தம் இல்லை. லாரியிலிருந்து அரிசி மூட்டையைப் போட்டால் வரும் சத்தம். மூன்று பேரும் ரோட்டில் முகம் வைத்துக் கிடந்தோம். சிறு கற்கள் விழுந்தன. பிறகு ஒரு பெடல்.

"பிரேக் மெதுவாத்தான் பிடிக்கும்னு சொன்னேனே தம்பி," என்றார் நானா.

கிழவரின் கல்வீடு பக்கத்தில்தான். தேநீர் வைத்தார். அவர் குடிக்கும் வரை நான் குடிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் குடிக்கவில்லை. ஏன் எங்கள் பின்னால் வந்தீர்கள் என்று நானாவைக் கேட்கச் சொன்னேன். வெளியூர்க்காரர்கள் ஒன்றுக்குப் போக ரோட்டைவிட்டு இறங்குவார்கள், அதனால் கரீஃபில் சைக்கிளோ காரோ வந்தால் வாதி முடியும் வரை கூடவே நடப்பேன் என்றாராம். யாரும் அவருக்குக் கொடுத்த வேலை அல்ல.

பிறகு தானாகவே எண்ணத் தொடங்கினார். விரலை மடக்கி மடக்கி. இந்த வாதியில் ஒட்டகம் பதினொன்று. மாடு மூன்று. ஆடு எண்ணவில்லை. தன் தம்பியின் மனைவி. அது போர் நடக்கும்போது. மூத்த மகள். விறகுக்குப் போனவள்.

"ஹர்ப் கலாஸ்," என்றார். போர் முடிந்துவிட்டது. "பாதேன்." அதற்குப் பிறகு.

என்னைப் பார்த்தார். உன் ஊரிலும் போரா என்று கேட்டார். பற்றைக்குள் பாய்ந்ததிலேயே அவருக்குப் புரிந்திருந்தது. ஆமாம் என்றேன். எத்தனை பேர் என்றார்.

சைக்கிள் ஒன்று என்று பகிடி விட்டேன். நானா அதை மொழிபெயர்க்கவில்லை.

எண்ணினேன். யாரிடமும் அதுவரை எண்ணிச் சொன்னதில்லை. சின்ன மாமா. மாமி. அவர்களின் மூத்தவள். கடலுக்குப் போன மூன்று பேர், ஒரே வள்ளம். எதிர்வீட்டு மாஸ்டர். அவர் மகன். கோயில் மடப்பள்ளி ஐயர். என்னோடு படித்த ராசன். பத்து விரலும் மடங்கிவிட்டது. மடக்க விரல் இல்லாமல் கையை முழங்காலில் வைத்தேன்.

கிழவர் தன் இடது கையை விரித்து என் முன்னால் நீட்டினார்.

ராசனின் தங்கச்சி. ரியூட்டரிக் கணக்கு வாத்தியார். அத்தான். அவர் விரலை நானே மடக்கினேன். தடித்த விரல். நாலாவதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அக்கா.

எங்கள் பக்கம் பதினான்கு. என் விரல் பத்து, அவருடையது நான்கு.