முப்பத்துநான்கு பெயர்கள்

அக்கா, எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். பீர் வாசனை வந்தாலே தள்ளி உட்காருகிறவன் நான். கல்லூரியில் நான் தங்கியிருந்த சகோதர சங்க வீட்டில் நாற்பத்திரண்டு பையன்கள் இருந்தோம், குடிக்காதவன் நான் ஒருவன்தான். அதனால்தான் பாதுகாப்புப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாய்: "அந்தப் பையன் செத்தப்ப நீ அங்கதான் இருந்தியா?" இருந்தேன் என்றேன். அதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள். நீ கேட்க வந்தது அது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் ஒழுங்காக, வரிசையாகச் சொல்கிறேன்.

சகோதர சங்கம் என்றால் ஏதோ குடிகாரர்கள் கூட்டம் என்று நீ நினைத்தாய். அது ஒரு குடும்பம். நீ சேரும்போது உனக்கு முன்னால் சேர்ந்த ஒருவனை உனக்கு அண்ணன் ஆக்குவார்கள். அவனுக்கு ஒரு அண்ணன், அவனுக்கும் ஒரு அண்ணன். அப்படியே பின்னால் போனால் நாற்பது ஐம்பது வருடத்துக்கு ஒரே வரிசை. ஒவ்வொரு வருடத்துப் பையன்களின் முகங்களும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாடிப்படி நெடுக மாட்டியிருக்கும். படிப்பு முடிந்து போனவர்கள்தான் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள். கூரை ஒழுகினாலும் அவர்கள், கல்லூரியோடு சண்டை வந்தாலும் அவர்கள்.

என் வரிசையின் தலையில் இருப்பவர் ரஸ்ஸல் ஹேவர்ட்டி. எண்பத்தொன்றாம் வருடம் படிப்பு முடித்தவர். பன்றித் தீவனக் கம்பெனி வைத்திருக்கிறார். மருத்துவக் கல்லூரி ஒன்றின் அறங்காவலர் குழுவிலும் இருக்கிறார். முதல் முறை பார்த்தபோதே என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"நம்ம வரிசையில ஒரு டாக்டர்கூட இல்லடா டெக். தீவனம் விக்கிறவன், கார் விக்கிறவன், ரெண்டு வக்கீல், ஒரு உதவாக்கரை. நீ டாக்டராகு. மத்தத நான் பேசிக்கிறேன்."

அந்த உதவாக்கரை யார் என்று கேட்டேன். "என் தம்பிதான்" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அகதி முகாமில் பிறந்தவன் என்று என்னை அவர் ஒருநாளும் ஒரு மாதிரியாகப் பார்த்ததில்லை. என் பேரைக்கூடச் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டார்.

நான் சேருவதற்கு முன்னால் வீட்டில் குடியால் ஒரு கலாட்டா நடந்து, கல்லூரி இரண்டு வருடம் கதவை மூடிவிட்டது. பழையவர்கள் அலைந்து திரிந்து திறக்க வைத்தார்கள். இனி வீட்டுக்குள் ஒரு சொட்டு மது கூடாது என்பது நிபந்தனை. அதனால் ஒரு சிக்கல் வந்தது. ஹோம்கமிங் என்று வருடத்துக்கு ஒருமுறை பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வரும் விழா, அந்தச் சனிக்கிழமை காலையில் பழையவர்கள் எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள். புதுப்பையன் ஒருவன் கூடத்து நடுவில் வெள்ளிக் கோப்பையோடு நிற்பான். ஒவ்வொருவராக எழுந்து தன் பெயரையும் வருடத்தையும் சொல்வார்கள். பெயருக்கு ஒரு கோப்பை பீர் அவன் குடிக்க வேண்டும். கடைசிப் பெயர் வரை கழிவறைக்குப் போகக் கூடாது. வாந்தி எடுத்தால் அந்தக் கோப்பை கணக்கில் வராது. நூறு வருடத்துப் பழக்கம், விட அவர்களுக்கு மனசில்லை.

தண்ணீர் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான்தான். ஏப்ரல் மாதக் கூட்டத்தில் சொன்னேன். அன்றைக்கு எனக்கும் ஒன்றும் தெரியாது. ஜாபா அகதி முகாமில் குடம் வைத்து வரிசையில் நின்ற நமக்குத் தண்ணீரைப் பற்றிக் கெட்டதாக நினைக்க எப்படி வரும்? எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுத் தலைவன் கிரேடி மேஜையில் தட்டி, "டேய், இவ்வளவு சிம்பிளா ஒரு ஐடியா, நூறு வருசமா ஒருத்தன் மண்டையிலும் உதிக்கலையேடா" என்றான். ஹேவர்ட்டி பழையவர்களுக்கு எழுதிய கடிதத்தில் என் பெயரைப் போட்டிருந்தார். வீட்டைக் காப்பாற்றிய பையன் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைத்தான் உனக்கு அனுப்பினேன். நீ அதை அலமாரிக் கதவில் ஒட்டினாய்.

ஹோம்கமிங்குக்குப் பதினொரு நாள் முன்னால் உடலியல் தேர்வு இருந்தது. நான்காவது கேள்வி நெடுந்தூர ஓட்டக்காரி ஒருத்தியைப் பற்றியது. போகிற வழியெல்லாம் தண்ணீர் குடிக்கிறாள், தலை வலிக்கிறது, வாந்தி எடுக்கிறாள், சம்பந்தமில்லாமல் பேசுகிறாள். ஏன்? ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகிறது, மூளை வீங்குகிறது, உடனே கவனிக்காவிட்டால் செத்துவிடுவாள் என்று எழுதினேன். முழு மதிப்பெண். ஆசிரியர் ஓரத்தில் "தெளிவான விடை" என்று எழுதியிருந்தார்.

தேர்வு எழுதிய அன்று மாலை நான் கோப்பைச் சடங்கைப் பற்றி யோசிக்காமல் இல்லை. இதுவரை இருபது பேருக்கு மேல் வந்ததில்லை, இருபது கோப்பையை ஒரு பையன் தாங்குவான் என்று நினைத்தேன். என் யோசனையை நானே கெடுத்தால் கிரேடி என்ன சொல்வான், ஹேவர்ட்டி கடிதத்தை எப்படித் திருப்பி வாங்குவார் என்றும் நினைத்தேன். யாருக்கும் சங்கடம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருடம் கோப்பை பிடிக்கச் சீட்டுக் குலுக்கலில் வந்தவன் கோல்பி ரென்னர். என் தம்பி. செப்டம்பரில் எனக்குக் கொடுக்கப்பட்டவன். பால் பண்ணைக்காரர் வீட்டுப் பையன், ஒல்லி, காது இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். எங்கள் சங்க வீட்டில் அது விளையாட்டு இல்லை. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு மைல் நடந்து போய் சூப் வாங்கி வந்தான்.

ஒரு விதி உண்டு. புதுப்பையனிடமிருந்து கோப்பையை வாங்கிக் கவிழ்த்து வைக்கும் உரிமை அவனுடைய அண்ணனுக்கு மட்டும்தான். கவிழ்த்துவிட்டால் சடங்கு முடிந்தது, யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பையன் முழு உறுப்பினனாக இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். அவன் அண்ணன் அன்றைக்கு வரிசையோடு உட்காரக் கூடாது. அன்று மேட்ச் பார்க்க மைதானத்தில் எனக்கு ஹேவர்ட்டிக்குப் பக்கத்து இருக்கை. மருத்துவக் கல்லூரிக்காரர் ஒருவரையும் அழைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

காலை ஒன்பது மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. டோனட் பெட்டிகள், காபி, பழைய ஸ்வெட்டர்கள். எண்ணிப் பார்த்தேன். முப்பத்துநான்கு பேர். வீடு மீண்டு வந்த சந்தோஷத்தில் வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். கோப்பை கால் லிட்டர் பிடிக்கும்.

பத்துப் பெயர் வரை சிரிப்புதான்.

"என்னடா தம்பி, மாட்டுத் தொட்டியில வாய வெச்சு வளர்ந்தவன்தானே நீ, மெதுவா உறிஞ்சுற?" என்றார் பழையவர் ஒருவர்.

"எங்க மாடுங்க இவ்வளவு குடிக்காது சார்" என்றான் கோல்பி. கூடமே சிரித்தது.

பதினாறாவது பெயரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். இருபதாவது பெயரில் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "அண்ணே, தலை ரொம்ப வலிக்குது" என்றான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாக இருக்கும் என்று சொல்லி ஜன்னல் திரையை இழுத்து விட்டேன்.

இருபத்தாறில் வாந்தி எடுத்தான். வெறும் தண்ணீர்தான் வந்தது. அறுபத்தெட்டாம் வருடத்துக்காரர் ஒருவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "எங்க காலத்துல பீருக்கு வாந்தி எடுப்பானுங்க. இவன் தண்ணிக்கே எடுக்குறான் பாருடா." வாந்தி எடுத்த கோப்பை கணக்கில் இல்லை என்று கிரேடி நினைவூட்டினான். நான் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினேன்.

கோல்பி கோப்பையை வாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் விரல்கள் பஞ்சு மாதிரி இருந்தன.

"அண்ணே, போதும்ணே. கவுத்திடுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

மற்றவர்களுக்கு அது கேட்கவில்லை. நான் ஹேவர்ட்டியைப் பார்த்தேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவருக்கு ஒன்றும் தெரியாது அக்கா, அவர் மேல் பழி இல்லை. அங்கே இருந்த யாருக்குமே தெரியாது. நான் கோல்பியின் காதில், "இன்னும் ஒன்பதுதான்டா. நான் இருக்கேன்ல" என்றேன். அவன் என்னை நம்பினான்.

கடைசிப் பெயர் ஹேவர்ட்டியுடையது. வரிசையின் தலை கடைசியில்தான் எழுந்திருக்கும். அதைக் குடித்து முடித்ததும் எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். கோல்பி சிரித்தபடி நின்றான். பிறகு என்னைப் பார்த்து, "பால் லாரி வந்துருச்சா?" என்றான்.

எல்லாருக்கும் அதுவும் சிரிப்பாக இருந்தது. நான்காவது கேள்வியில் இருந்த கடைசி அறிகுறி அது.

அவனைத் தாங்கிப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனேன். கழிவறையில் நிறுத்தினேன், பிறகு என் கட்டிலில் படுக்க வைத்தேன். காலணியைக் கழற்றினேன். கன்னத்தில் தட்டினால் கண்ணைத் திறந்தான், யாரென்று தெரியாமல் பார்த்தான். சமையலறைக்குப் போய் உப்பு டப்பாவை எடுத்தேன். ஊறுகாய் ஜாடியும் பக்கத்திலேயே இருந்தது. ஒரு நிமிடம் நின்றேன். உப்பைக் கொடுத்தால் எனக்கு முன்பே தெரியும் என்று ஆகிவிடும். உப்பு மட்டும் போதாது, ஆம்புலன்ஸ் வேண்டியிருக்கும் என்பதும் தெரியும். ஆம்புலன்ஸ் வந்தால் வாசலில் நிற்கிற முப்பத்துநான்கு பேரும் பார்ப்பார்கள், கல்லூரித் தலைவருக்கும் தெரிந்துவிடும். வீடு மறுபடி மூடப்படும். டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தேன். லேபிள் முன்பக்கம் இருக்கும்படி வைத்தேன்.

சிலருக்குத் தானாகவே சரியாகிவிடும். அதுவும் பாடத்தில் இருக்கிறது.

பழையவர்கள் மாடிக்கு வந்து தங்கள் பழைய அறைகளைப் பார்ப்பது வழக்கம். அதனால் ஒரு தாளில், "தம்பி தூங்குகிறான், எழுப்ப வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

மேட்ச் பன்னிரண்டு மணிக்கு. மருத்துவக் கல்லூரிக்காரர் நல்ல மனிதர். என் படிப்பைப் பற்றிக் கேட்டார். எந்தப் பாடம் பிடிக்கும் என்றார். உடலியல் என்றேன். மூன்றாவது பகுதி ஆட்டத்தில் கிரேடிக்குப் போன் வந்தது.

கண்டுபிடித்தது எங்கள் சமையற்காரி மார்லீன். சாப்பிட ஏதாவது வேண்டுமா என்று கேட்க ஒருமுறை மாடிக்குப் போயிருக்கிறாள். தாளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து மனசு கேட்காமல் மறுபடி போயிருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னாள்: "நீ எழுதி ஒட்டியிருந்தியேன்னுதான் கண்ணு நான் உள்ள போகல. நீதான் எல்லாத்தையும் பாத்துப் பாத்துச் செய்யுறவனாச்சே." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்னேன். அது உண்மைதானே.

கோல்பி ஞாயிறு மதியம் போய்விட்டான்.

போலீஸ்காரர் எல்லாரிடமும் தனித்தனியாகப் பேசினார். என்னிடம் பேசும்போது, "வெறும் தண்ணிதானேன்னு நினைச்சோம் சார்" என்றேன். அவர் தலையசைத்துக்கொண்டே எழுதினார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மை. செய்தித்தாளிலும் அதுதான் வந்தது. யாருக்கும் தெரியாத ஆபத்து, யாரும் நினைக்காத விபத்து. கல்லூரி விதியை மாற்றியது. பழையவர்கள் அவன் பெயரில் வாசலில் ஒரு மரம் நட்டார்கள்.

அவன் அம்மாவைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அடக்கம் முடிந்து சபை மண்டபத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காபியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் தேடி வந்தாள்.

"நீதானே டெக்? வீட்டுக்கு வந்தா உன் பேச்சுதாம்ப்பா. அண்ணன் அப்படிச் சொன்னாரு, அண்ணன் இப்படிச் செஞ்சாருன்னு. கடைசி வரைக்கும் நீதான் பக்கத்துல இருந்தியாமே."

"ஆமாம்மா."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுப்பா. அவன் கஷ்டப்பட்டானா? போதும்னு எதாவது சொன்னானா?"

"இல்லம்மா. சிரிச்சுக்கிட்டேதான் குடிச்சான்."

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெகு நேரம் விடவில்லை. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அதை அவள் துடைத்துவிட்டாள்.

நீ கேட்க வந்தது இதுதான் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியுமா என்று. தெரியும் அக்கா. இருபதாவது பெயரிலேயே தெரியும். கோப்பையைக் கவிழ்க்க அவன் சொன்னான், நான் ஊற்றினேன். கதவைச் சாத்தியதும் நான்தான். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம், அவளுக்கு ரத்த அழுத்தம்.

போன செவ்வாய்க்கிழமை மருத்துவக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ஹேவர்ட்டி தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டார். நீ பயப்படாதே, நான் நல்ல டாக்டராக வருவேன். அன்று அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரில், அவனுக்கு என்ன ஆகிறது என்று சரியாகக் கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான்.